ஆலங்கட்டிக்கு என்ன முறை

இந்த ரோட்டில் எந்த இடத்தில் டவர் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா அக்கா? தாராபுரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதிலிருந்து பார்க்கிறேன், ஒரு கோடு வருகிறது, உடனே போய்விடுகிறது. நீங்க தினமும் போய் வருகிற ஆள் மாதிரி தெரிந்தது, கண்டக்டர் உங்களிடம் ஊர்கூடக் கேட்காமல் டிக்கெட் கிழித்தார், அதனால்தான் கேட்டேன். கரண்டு எடுக்கிற காத்தாடி நிற்கிற இடத்திலா? அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. பரவாயில்லை. சண்டை பதினொரு மணிக்குத்தான்.

சண்டை என்றதும் திரும்பிப் பார்க்கிறீங்க. வீட்டுச் சண்டை இல்லை அக்கா, இது வேறே. வீட்டுச் சண்டையும் இருக்கு, அது கோயிலுக்குப் போன பிறகு.

முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கடைசி சீட்டில் பச்சைச் சட்டை, அவர் என் வீட்டுக்காரர். நடுவில் நான். கோபத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைக்க வேண்டாம், சீட்டு அப்படித்தான் கிடைத்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். இன்றைக்கு எங்கள் குலசாமி கோயிலில் பாப்பாவுக்கு மொட்டை, காதுகுத்து. என் தம்பி வேடசந்தூரிலிருந்து நேரே வருகிறான், தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும். பெயரா? மகிழினி. பாருங்க, பேர் சொன்னதும் தூக்கத்திலேயே சிரிக்கிறாள்.

அதெல்லாம் நல்லபடியாக நடக்கும். காது குத்தி முடித்ததும் இன்னொன்று நடக்க வேண்டும் என்று அத்தை வைத்திருக்கிறார்கள். அந்த மஞ்சள் பைக்குள் கற்பூரம் இருக்கு. சாமிக்கு ஒரு பொட்டலம், எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம். நான் கற்பூரத்தைக் கையால் அணைத்து, இனிமேல் அந்த விளையாட்டைத் தொட மாட்டேன், அந்த ஆளோடு பேச மாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் பண்ண வேண்டுமாம்.

பண்ண மாட்டேன்.

கோயிலில் சொல்லப்போவதை உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். தப்பு செய்தவர்கள் அணைக்கட்டும் கற்பூரத்தை. பொய்ச் சத்தியம் பண்ணினால் சாமி கேட்கும். உண்மைச் சத்தியம் பண்ணினால் நான் விளையாட்டை விட வேண்டும். இரண்டும் எனக்கு ஆகாது.

என்ன விளையாட்டு என்று கேட்கிறீங்களா? ரம்மி இல்லை அக்கா, பயப்படாதீங்க. பேரைச் சொன்னால் உங்கள் வாயில் நுழையாது, எனக்கே நுழைய நாளாயிற்று. ஒரு பெரிய தேசம் என்று வைத்துக்கொள்ளுங்க. மலை, காடு, ஆறு, கோட்டை எல்லாம் இருக்கும். போனுக்குள்தான். நாம் அதற்குள் ஒரு ஆளாகப் போக வேண்டும். அதே நேரத்தில் ஊர் ஊராக ஆயிரம் ஆயிரம் பேர் அவரவர் ஆளாக உள்ளே நடமாடுவார்கள். எதிரே ஒருத்தன் கோடாலியோடு வருகிறான் என்றால் அது பொம்மை இல்லை, சேலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒரு பையன். எல்லாரும் சேர்ந்து ராட்சசனை அடிக்கலாம், கோட்டை பிடிக்கலாம். நான் அதில் ஹீலர். மற்றவர்கள் வெட்டிக்கொள்வார்கள், நான் பின்னால் நின்று யாருக்கு அடிபடுகிறதோ அவர்களுக்கு உயிர் ஏற்றுவேன். என் பேர் அங்கே மஞ்சக்கிழங்கு. சிரிங்க, சிரிங்க, எல்லாரும் முதலில் சிரித்தவர்கள்தான். புண்ணுக்கு மஞ்சள்தானே பூசுவோம்? அதனால் வைத்தேன்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது தம்பி தன்னுடைய பழைய போனைக் கொடுத்தான். அதில் இது இருந்தது. பாப்பா பால் குடிக்கும், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். ஒரு கை அவளுக்கு வேலை செய்கிறது, ஒரு கை சும்மா இருக்கிறது. சும்மா இருந்த கையால் ஆரம்பித்தது.

நேரம் வீண் என்கிறார்கள். நான் ஒன்று கேட்கிறேன், நீங்களே சொல்லுங்க. காலையில் பாத்திரம் தேய்க்கிறேன், மதியம் திரும்ப அழுக்கு. வீடு கூட்டுகிறேன், அரை மணி நேரத்தில் இவள் பொரியைக் கொட்டுவாள். துணி மடித்து வைக்கிறேன், மறுநாள் கொடியில். நான் செய்கிற எந்த வேலை அக்கா செய்த இடத்தில் நிற்கிறது? அங்கே அப்படி இல்லை. ஒரு லெவல் ஏறினேன் என்றால் ஏறினதுதான். நாளைக்குப் போனாலும் அங்கேயே இருக்கும், யாரும் அழுக்காக்க முடியாது. முதல் தடவை லெவல் ஏறி ஒரு நட்சத்திரம் என் பேருக்குப் பக்கத்தில் வந்தபோது நான் பாப்பாவைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்கு அப்போது கண்ணே நிலைக்கவில்லை, ஆனாலும் பார்த்தாள்.

அத்தை டிவியில் தொடர் பார்ப்பார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு மூன்றாவது கல்யாணம் நடந்துகொண்டிருக்கு, அதுவும் மாதக்கணக்கில். யாரோ ஒருத்தி கல்யாணத்தை யாரோ எழுதி யாரோ நடிப்பதைப் பார்த்தால் அது பொழுதுபோக்கு. நானே போய்க் கோட்டை பிடித்தால் அது கேடு. இதை வீட்டிலும் சொன்னேன், மறைக்கவில்லை.

எங்கள் கில்டைப் பற்றிச் சொல்கிறேன். கில்டு என்றால் ஒன்றாகச் சேர்ந்து விளையாடுகிற குழு. எங்களுடையதன் பேர் பங்காளிகள். நான் வைத்த பேர் இல்லை, பையன்கள் வைத்தது. நான் சேர்ந்தபோது அது ஒரு குழுவாகவே இல்லை அக்கா, சந்தைக் கூச்சல். ஒருத்தன் வரும்போது ஒருத்தன் வர மாட்டான். ராட்சசனை அடித்து விழுகிற வாளுக்கும் கவசத்துக்கும் அடித்துக்கொள்வார்கள். மைக்கில் கெட்ட வார்த்தை. நான் ஒரு நாள் வாய் திறந்து, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உயிர் ஏற்ற முடியவில்லை என்று சொன்னேன். அவ்வளவுதான், எல்லாரும் அடங்கிவிட்டார்கள். பெண் குரல். அப்புறம் ஒருத்தன் குழைந்துகொண்டு கேட்கிறான், வாய்ஸ் நல்லா இருக்கே, சிங்கிளா என்று. அவன் பேர் அங்கே தீச்சட்டி. எனக்குச் சிரிப்பு வந்தது. என் மடியில் இவள் கக்கி வைத்திருக்கிறாள், இவன் சிங்கிளா என்கிறான்.

"தம்பி, அக்கா கைக்குழந்தையோட உக்காந்திருக்கேன். கத்தாம வெட்டு" என்றேன்.

மறுநாளிலிருந்து அவன் அக்கா அக்கா என்று காலைச் சுற்றுகிறான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்தக் கூட்டத்துக்கு முறை இல்லை, அதுதான் குறை. புரோ புரோ என்று கூப்பிட்டால் யார் யாருக்கு என்ன ஆக வேண்டும் என்று எப்படித் தெரியும்? நான் சட்டம் போட்டேன். பெரியவர்கள் அண்ணா, சின்னவர்கள் தம்பி. பெண் பிள்ளைகள் வந்தால் அக்கா, தங்கச்சி. ஒரு தடவை ஒருத்தரை ஒரு முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் அது மாறாது. துபாயில் கிரேன் ஓட்டுகிற ஒருத்தர் இருக்கிறார், எல்லாருக்கும் மூத்தவர், அவரே சரி தங்கச்சி என்று விட்டார். அந்த வேலி போட்ட பிறகு ஒருத்தன் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்ததில்லை. கொஞ்ச நாளில் என்னையே லீடர் ஆக்கிவிட்டார்கள்.

விழுகிற சாமானுக்கும் முறைதான். எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும், இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல். அதே மாதிரி இன்றைக்கு விழுந்த வாள் இவனுக்கு, அடுத்தது அவனுக்கு. காசு கட்டி பலம் வாங்குகிற கில்டெல்லாம் எங்களிடம் தோற்றுப் போனதற்கு இதுதான் காரணம், வேறெதுவும் இல்லை.

வீட்டில் அத்தையோடு எனக்கு என்ன பிரச்சினை என்றால், கடைக்குப் போய் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் போதும், எங்கே நின்றாய், யாரோடு பேசினாய் என்று வாசலிலேயே கேட்பார்கள். வளர்ந்த பிள்ளையை அப்படிக் கேட்கலாமா? மனுஷருக்கு ஒரு நம்பிக்கை வேண்டாமா? கில்டில் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் தாமதமாக வந்தால் நான் காரணம் கேட்பேன், அது வேறே. காரணம் சரியில்லை என்றால் தண்டனையாக ஒரு வாரம் வாசல் காவல். ஒரு குழு என்றால் ஒரு ஒழுங்கு வேண்டும் அக்கா.

இப்போது அந்த ஆளைப் பற்றி. ஆலங்கட்டி.

கேடயம் பிடிக்கிறவர். கோட்டை வாசலில் எல்லாருக்கும் முன்னால் நின்று அடியை வாங்குகிற வேலை. அவர் அடி வாங்க வாங்க நான் பின்னாலிருந்து உயிர் ஏற்ற வேண்டும். எனக்கும் அவருக்கும்தான் அங்கே வேலை பொருந்தும். ஆனால் அவர் மைக்கில் பேசியதே இல்லை. எழுதுவார், அதுவும் ஒரு சொல், இரண்டு சொல். சரி. வந்துட்டேன். பின்னால நில்லு. அவ்வளவுதான். வயது தெரியாது, ஊர் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, நான் வாய்க்கு வசதியாக அவர் என்கிறேன். அதனால் அவரை மட்டும் எந்த முறையும் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. தெரியாமல் எப்படி அண்ணா என்பது? எனக்குச் சின்னவராக இருந்தால்? முறை தெரியாதவர்களை எப்படிக் கூப்பிடுவோம்? என்னங்க என்றுதானே? அப்படித்தான் நானும் எழுதுவேன். என்னங்க, வந்துட்டீங்களா. என்னங்க, கேடயத்தைத் தூக்குங்க.

போன ஆடியில் விளையாட்டில் ஒரு புது வசதி விட்டார்கள். தம்பதி வரம் என்று பேர். இரண்டு பேர் அங்கே கல்யாணம் செய்துகொண்டால், சண்டையில் ஒருத்தர் செத்தாலும் இன்னொருத்தர் பக்கத்தில் நின்று ஒரு தடவை எழுப்பிவிடலாம். கேடயமும் ஹீலரும் தம்பதியாக வாசலில் நின்றால் அந்தக் கோட்டையை எவனும் எளிதில் தாண்ட முடியாது. எல்லா கில்டும் மளமளவென்று ஜோடி சேர்த்துவிட்டது. எங்களில் நான் ஒருத்திதான் நல்ல ஹீலர். தீச்சட்டி முந்திக்கொண்டு வந்தான், அக்கா, விளையாட்டுத்தானே, நான் கட்டிக்கறேன் என்று. அக்கா என்று கூப்பிட்ட வாயால் என்ன பேச்சு இது என்று அவனை இரண்டு நாள் ஒதுக்கி வைத்தேன்.

விளையாட்டுதான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் முறை என்று ஒன்று போட்டால் அது விளையாட்டிலும் நிற்க வேண்டும். கோவில்பட்டிப் பிள்ளை ஒருத்தி, கருங்குருவி என்று பேர், காலேஜ் படிக்கிறாள், அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவனையே வரத்துக்காகக் கட்டிக்கொண்டாள். தெரிந்த அன்றைக்கே முறிக்கச் சொன்னேன். அழுதாள். அவளுக்கு அதனால் எவ்வளவோ பலம் போயிற்று, எனக்கும் கஷ்டம்தான். சட்டம் போட்டவள் நானே இளகினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?

மீதி யார்? நான் அண்ணா என்றோ தம்பி என்றோ கூப்பிடாத ஆள் ஆலங்கட்டி ஒருத்தர்தான். கேட்டேன். சரி என்று எழுதினார். முடிந்தது. அங்கே ஒரு கோயில் மாதிரி இருக்கும், மணி அடிக்கும், பூ கொட்டும். கிரைண்டரில் இட்லி மாவு ஓடிக்கொண்டிருந்தது, நான் ஒரு கையால் மாவைத் தள்ளிக்கொண்டே இன்னொரு கையால் சம்மதம் என்ற இடத்தை அமுக்கினேன். மாவு பொங்குவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. அதை நான் யாரிடமும் மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. மாவு ஆட்டினதை வீட்டில் சொல்வேனா?

பிறகு மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. பெரிய கோட்டை ஒன்று பிடித்தோம். தெற்கு வாசல் கோட்டை. எங்களைப் போல ஒன்றும் இல்லாத கூட்டம் அதைப் பிடித்ததாகக் கேள்வியே இல்லை. அன்றைக்கு மைக்கில் துபாய் அண்ணன் அழுதார் அக்கா, நிஜமாக.

அப்புறம்தான் இந்த அண்ணி வந்தார்கள். என் வீட்டுக்காரருடைய அக்கா, விஜயசாந்தி. காதுகுத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை வைப்பது என்று பேச எல்லாரும் கூடியிருந்தோம். பாப்பா அழுதாள், பாட்டுப் போட்டுக் காட்டுகிறேன் என்று அண்ணி என் போனை எடுத்தார்கள். சரியாக அந்த நேரத்தில் விளையாட்டிலிருந்து செய்தி வந்து மேலே நிற்கிறது. இந்த விளையாட்டில் தமிழும் உண்டு, நான்தான் ஆசையாகத் தமிழ் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி அண்ணி நிறுத்தி நிறுத்தி வாசித்தார்கள். உங்கள் கணவர் ஆலங்கட்டி, கோட்டை வாசலில், உங்களுக்காகக் காத்திருக்கிறார்.

அதோடு விட்டார்களா? உள்ளே போய் எழுதியதெல்லாம் வாசித்தார்கள். என்னங்க, சாப்பிட்டீங்களா. என்னங்க, இன்னைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க. முதுகு ரொம்ப வலிக்குதுங்க. பாப்பா தூங்கிட்டா, வாங்க.

இதில் என்ன அக்கா இருக்கு? பாப்பா தூங்கினால்தானே நான் விளையாட முடியும்?

அண்ணிக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் ஜோதி, மாலை மாத்தறப்ப எங்களக் கூப்பிடலயே. மொய் வெச்சிருப்போமே" என்றார்கள். அத்தை அவர்களை அதட்டிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கேட்கிற மாதிரி இல்லை, பொண்ணு பார்க்கப் போன இடத்தில் விசாரிக்கிற மாதிரிதான் விசாரித்தார்கள்.

"எந்த ஊரு?"

"தெரியாது அத்தை."

"என்ன வயசு?"

"தெரியாது."

"ஆம்பளையா பொம்பளையா, அதாவது தெரியுமா?"

"கேட்டதில்ல."

"ஒண்ணுமே கேக்காமயா கட்டிக்கிட்ட?"

"உங்க பையனக் கட்டறப்பவும் நான் ஒண்ணும் கேக்கலயே அத்தை" என்றேன்.

எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து பாப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணி வாசித்த நேரமெல்லாம் அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை, ஒவ்வொரு விரலாக, நிதானமாக. நான் இதைச் சொன்னதும் நகவெட்டியைக் கீழே வைத்தார். பத்து விரலும் முடிந்துவிட்டது போலிருக்கு.

அந்தக் குழுவுக்குப் பேர் என்ன என்று அத்தை கடைசியாகக் கேட்டார்கள். பங்காளிகள் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "பங்காளிக்குள்ளயேவா?" என்றார்கள். பாவம், அவர்களுக்கு அதுதான் பெரிய அடியாக இருந்தது.

நான் விடவில்லை அக்கா. கூடியிருந்த எல்லார் முன்னாலும் நிமிர்ந்து சொன்னேன். நான் முறை தவறினவள் இல்லை. அண்ணா என்று ஒருத்தரை ஒரு தடவை கூப்பிட்டால் எனக்கு அவர் கடைசிவரை அண்ணன்தான். அண்ணன் தம்பி என்று சொன்ன யாரையும் நான் கட்டவில்லை. முறையில்லாத ஒரே ஆளைத்தான் கட்டினேன், அதுவும் கோட்டைக்காக. இதைவிடத் தெளிவாக ஒரு பெண் என்ன விளக்கம் சொல்ல முடியும்? ஆனால் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் இன்னும் கோணிக்கொண்டே போயிற்று. அப்போதுதான் கற்பூரப் பேச்சு வந்தது.

இவரா? இவருக்கு இதெல்லாம் ஒன்றும் இல்லை அக்கா. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடையில் இருக்கிறார். விடிவதற்குள் போய் மதியம் வருவார். சோறு மூடி வைத்திருப்பேன், அவரே போட்டுச் சாப்பிட்டுக்கொள்வார். அந்த நேரம்தான் எங்களுக்கு ராட்சசன் வருகிற நேரம், நான் உள் அறையில் இருப்பேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை, தங்கமான மனுஷர். அவரிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. தட்டு கழுவி வைத்திருந்தால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம்.

அந்தப் பேச்சு நடந்த மறுநாள் மட்டும் சாப்பிடும்போது என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "அவர்கிட்டப் பேசறதுக்கு அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டார். கோபமாக எல்லாம் இல்லை, மார்க்கெட்டில் தக்காளி விலை கேட்கிற மாதிரிதான். நானும் உள்ளதைச் சொன்னேன். பெரிசாக ஒன்றும் இல்லைங்க, சாப்பிட்டீங்களா, எப்ப வருவீங்க, முதுகு வலிக்குது, இவ்வளவுதான் என்றேன். அவர் பாதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்தார். எனக்கென்னவோ ரசத்தில் அன்றைக்கு உப்பு கூடியிருக்கும் என்று தோன்றுகிறது. நான் பிறகு வாயில் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அவருக்கு நாக்கு சரியில்லை போல.

அதிலிருந்து கொஞ்சம் பேச்சுக் குறைவு. வேலை அதிகம், முகூர்த்த மாதம், காய் வரத்து கூடுதல்.

சரி, இன்றைக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்களிடமிருந்து தெற்கு வாசல் கோட்டையைப் பிடுங்க ஒரு கில்டு வருகிறது. காசுக்காரக் கூட்டம், உடம்பு முழுக்கத் தங்கக் கவசம். பதினொரு மணிக்கு ஆரம்பம், அந்த நேரத்தை விளையாட்டே குறித்துவிடும், நாம் மாற்ற முடியாது. காதுகுத்து பன்னிரண்டுக்கு மேல்தான், அதையும் மாற்ற முடியாது. நான் கணக்குப் போட்டுத்தான் வேனில் இடமில்லை என்று சொல்லிப் பஸ்ஸில் ஏறினேன், இவர்கள் இரண்டு பேரும் கூடவே ஏறிக்கொண்டார்கள். வேனில் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தால் போனை எடுக்கவே முடியாது. வாசலில் ஆலங்கட்டி நிற்பார். நான் போகவில்லை என்றால் தனியாக நிற்பார். தம்பதியில் ஒருத்தர் இல்லாவிட்டால் வரமும் வேலை செய்யாது, விழுந்தால் விழுந்ததுதான். அவர் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை அக்கா. ஒரு நாளும் நான் வாசல் காவல் போட வேண்டி வந்ததில்லை. அவரை நிற்க வைத்துவிட்டு நான் கற்பூரத்தை அணைக்கப் போவதா?

அதனால்தான் சொல்கிறேன், மாட்டேன். அத்தை காலில் விழச் சொன்னால் விழுவேன், பெரியவர்கள். போனை ஒரு மாதம் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னால்கூட, சரி, ஒரு வாரம் என்று பேசிப் பார்ப்பேன். ஆனால் சத்தியம் என்றால், நான் என்னவோ ஒளிந்து ஒரு காரியம் செய்தேன், பிடிபட்டேன், இப்போது திருந்துகிறேன் என்று ஆகிவிடும். இவள் பெரியவளாகி, என் காதுகுத்து அன்றைக்கு எங்கம்மா எதற்குக் கற்பூரம் அணைத்தாள் என்று யாரிடமாவது கேட்பாள். அண்ணிதான் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் எனக்கு வேண்டாம். என் தம்பியிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்கள் கற்பூரத்தை எடுத்தால் நீ பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடு, நான் பின்னாலேயே வருகிறேன் என்று.

அக்கா, காத்தாடி! அதோ. நீங்க சொன்னது சரிதான். இரண்டு கோடு. மூன்று. வந்துவிட்டது, பாருங்க, மேலே நிற்கிறது. உங்கள் கணவர் ஆலங்கட்டி கோட்டை வாசலில். மீதியை வாசிக்கவே வேண்டாம்.

நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் அப்போதிலிருந்து இவ்வளவும் சொல்லிக்கொண்டு வருகிறேன். பாப்பா யாரிடமும் அழ மாட்டாள், நீங்க கொஞ்ச நேரம் இவளை… ஐயோ, இருங்க. இவர் எழுந்து வருகிறார். இந்தத் துண்டைப் போட்டுப் போனை மூடிக்கொள்கிறேன்.

என்னங்க? தண்ணியா? தண்ணி அத்தை பையில இருக்கு. போன் எங்கிட்ட இல்ல. இருக்கு, ஆனா தர மாட்டேன். அத்தை கேட்டாலும் தர மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

பாப்பாவையா?

மெதுவாங்க, கழுத்தைப் பிடிங்க. வண்டி ஆடுது, கம்பியைப் பிடிச்சுக்கங்க.

பார்த்தீங்களா அக்கா. தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார், அத்தை பக்கத்தில் உட்கார. நான் சொல்லவில்லை, தங்கமான மனுஷர் என்று? அவருக்கு மனதில் ஒன்றும் இல்லை.

நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீங்க, ஆனால் குனிந்து என்ன சொன்னார் என்று உங்கள் காதிலும் விழுந்திருக்கும். கற்பூரம் எல்லாம் வேண்டாமாம். அம்மாவிடம் அவரே பேசிக்கொள்கிறாராம். விளையாட்டை விட வேண்டாம், கோட்டையை விட வேண்டாம், போ, வாசலில் நிற்கிறார்கள் பார் என்றார். இவர் எது கேட்டாலும் முடியாது என்று சொல்வதற்கு ஊரிலிருந்தே தயாராக வந்தவள் நான். நான் போட்ட சட்டத்தை எடுத்துக்கொண்டு வருவார் என்று நினைக்கவே இல்லை.

போகத் திரும்பியவர் நின்றார் இல்லையா, என் முகத்தைப் பார்க்காமல், பாப்பா தலையைத் தடவிக்கொண்டே கேட்டது அதுதான்:

"அந்த ஆலங்கட்டிய, ஒரே ஒரு தடவ, அண்ணான்னு கூப்பிட்டுடு ஜோதி."